ஏசி லாரி ஏறின பேராண்டிக்கு

வா பேராண்டி, குந்து. இன்னா நிக்கிறே? ஏசி வண்டி ஓட்டுறவன் கயித்துக் கட்டில்ல குந்துனா கவுரவம் கொறஞ்சிடுமா? புதூர்நாடு பூரா உன் பேச்சுதான். லாரியிலயே மெத்தை, தலகாணி, குளிரு எல்லாம் இருக்குதாம்னு வாயில கைய வெச்சிக்கினு பேசுறாங்க. மார்கழியில கம்பளிக்குள்ள பல்லு தந்தியடிக்கிற மலையில பொறந்துட்டு, கீழ போய் டீசலை எரிச்சுக் குளிரு வாங்குறே. கெட்டிக்காரன்தான் போ!

நான் புளி லோடு வண்டியில கிளீனராப் போன காலத்துல, திருப்பத்தூர் இறங்குனா காலுக்குக் கீழ எஞ்சின் சூடு, தலைக்கு மேல சித்திரை வெயிலு. டிரைவரு ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கினு ஓட்டுவாரு. அதான் அன்னிக்கு ஏசி. இப்போ டெல்லியில மனசு எரங்கி, 2023 டிசம்பர்ல உத்தரவு போட்டாங்க. புதுசாத் தயாராவுற, மூணரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி கேபினுக்கெல்லாம் ஏசி இருந்தே தீரணும். நல்ல காரியம்தான். ஆனா மாட்டச் சொன்னவங்க, வாரத்துக்கு ஒரு வாட்டி தொடைக்கணும்னு சேத்து எழுதல. அது உனக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

சரி, அந்த ஏசியைச் சீக்கிரமாக் கெடுக்கிற வழியைச் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, நம்ம சாமை. அறுப்பு முடிஞ்சா சனங்க தாளை ரோட்டுல பரப்பிடும். போற வண்டியெல்லாம் மிதிச்சுக் குடுத்தா கூலி மிச்சம். நீயும் மேல ஏத்திக்கினு ஜம்முனு வா. உமியும் தூசும் பறந்து போய் ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற கண்டன்சர்ல அப்பிக்கும். ஏசி குளிரைத் தயார் பண்ணுதுன்னுதானே நெனைச்சிக்கினு இருக்கே? அது உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது, அவ்ளோதான் அதோட வேலை. கொட்டுற எடம் அந்தக் கண்டன்சரு. அதை அடைச்சுட்டு, "குளிரலையே"ன்னு சுவிட்சைத் திருகிக்கினே இரு. அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், பெல்ட்டு கீச்சுனு கத்தும். நீ பாட்டைச் சத்தமா வெச்சுட்டா அதுவும் கேக்காது. பொழைக்கத் தெரிஞ்சவன்னா எஞ்சின் ஆறினப்புறம், பின்பக்கம் இருந்து முன்பக்கமா மெதுவாத் தண்ணி வுட்டுக் கழுவுவான். வாட்டர் சர்வீஸ் கன்னை ஒட்டி வெச்சு அடிச்சா, மெல்லிசு தகடெல்லாம் மடங்கிப் படுத்துக்கும்.

ரெண்டாவது, கேஸ். கொஞ்சம் குளிரு கொறஞ்சா ஓடிப்போய் "கேஸ் ஏத்துப்பா"ன்னு நில்லு. உன்னாட்டம் நாலு பேரு கெடைச்சா கடைக்காரரு மாடி வீடே கட்டிடுவாரு. ஏண்டா, அது இன்னா டீசலா, எரிஞ்சு தீர்றதுக்கு? கம்ப்ரஸர், கண்டன்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில்னு மூடின குழாய்க்குள்ளயே அது சுத்திச் சுத்தி வருது. கொறஞ்சுதுன்னா எங்கியோ கசிவு. கேஸோட எண்ணெயும் சேர்ந்து சுத்துறதால, எந்த ஜாயிண்ட்ல பிசுக்கும் தூசும் ஒட்டிக்கினு இருக்குதோ அங்க மொதல்ல சந்தேகப்படு. கசிவை அடைச்சு, ட்ரையரை மாத்தி, வாக்குவம் இழுத்துக் காத்தையும் ஈரத்தையும் வெளிய எடுத்துட்டு, கம்பெனி சொன்ன எடைக்குக் கேஸ் ஏத்துறவருதான் மெக்கானிக்கு. குழாயைத் தொட்டுப் பாத்து "ஜில்லுனு இருக்குது, போதும்"னு சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடு. நீயா நட்டைக் கழட்டிப் பாக்காத. ஆர்-134ஏ கேஸு மைனஸ் 26 டிகிரியிலயே கொதிக்கிற சரக்கு. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். காத்துல தொறந்து வுட்டா, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும். உன் ஒருத்தன் கேபினு குளிர, ஊரையெல்லாம் வேக வெக்காத.

மூணாவது, சும்மா வெச்சிரு. பனிக் காலம் பூரா "நம்மூருல எதுக்குடா ஏசி"ன்னு தொடாம வுட்டுடு. கம்ப்ரஸர் தண்டுல இருக்கிற சீலுக்கு எண்ணெய் போவாம காஞ்சு, சத்தமில்லாம கேஸு கசியும். வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் ஓட வுட்டா போதும். பனியில ஏசி போடுறான் பாரு கிறுக்கன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும், கம்ப்ரஸர் மாத்த அவங்க மொய் வெக்கப் போறதில்ல.

கேபினுக்குள்ள ஊறவெச்ச சாக்ஸ் நாத்தம் அடிச்சா ஊதுவத்தி கொளுத்தாத, ஏசி ஃபில்டரை மாத்து. காலடியில தண்ணி சொட்டுச்சுன்னா காயில் தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்குது, குத்தி வுடு. மலையேறும்போது ஏசியை நிறுத்து. கம்ப்ரஸரை இழுக்கிறதும் அதே எஞ்சின்தான். எப்படியும் மேல வந்தா சாமி குடுத்த குளிரு சும்மா கெடைக்குது.

இனிமே சொல்றது கேலி இல்ல. ராத்திரி வண்டியை நிறுத்திட்டு எஞ்சினை ஓட வுட்டுத் தூங்குறியே, பெரிய வண்டின்னா மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் டீசல் போவும். விடியறதுக்குள்ள ஒரு நாள் பேட்டாவே பொகையாப் போயிருக்கும். அமெரிக்காக்காரன் இதுக்குன்னே தனியா ஒரு சின்ன எஞ்சினை வண்டியில மாட்டி வெச்சிக்கினு இருக்கான். அதுக்கும் எண்ணெய், பெல்ட்டு, ஃபில்டருன்னு தனிச் சீராட்டு வேணும். காசு போனாப் போவுது. சைலன்சர்ல ஓட்டை இருந்து, கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள வந்துச்சுன்னா நாத்தமும் இருக்காது, நெறமும் இருக்காது. தூங்குறவன் எழுந்திருக்க மாட்டான். மூடின ஷெட்டுல, சுவரை ஒட்டி எஞ்சினை ஓட வுட்டுப் படுக்காத. படுக்குறதுக்கு முன்னால கேபினைக் குளிர வெச்சு, எஞ்சினை நிறுத்தி, ஜன்னலைத் தொறந்துட்டுப் படு. கொசுவலை நான் வாங்கித் தரேன்.

இம்மாம் நேரம் சொன்னதுக்குக் கூலி? பெருசா ஒண்ணும் வேணாம். அடுத்த லோடுக்குக் கீழ போறப்ப என்னையும் ஏத்திக்கோ. எல்லாம் கழுவித் தொடைச்சியான்னு பாக்க ஒரு பெரியவரு வேணும்ல? மெத்தை எனக்கு, ஸ்டீயரிங் உனக்கு.