எரிச்சுப் பழகு பேராண்டி

ஏலே பேராண்டி, கோழி கூவுததுக்கு முன்னாடி போனைப் போட்டு, "கரண்டு எரிக்காம இருந்தா கலிஃபோர்னியாவுல காசு குடுக்கான் தாத்தா"ங்க. சும்மா இருக்கதுக்குக் கூலியா? அப்படின்னா உங்க அப்பன் இந்நேரம் கோடீஸ்வரன்லா ஆயிருக்கணும்.

கோடையில கரண்டு பத்தாத அன்னைக்கு சேதி வருமாம். சாயங்காலம் நாலுல இருந்து ஒம்பது வரைக்கும் குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2022-ல 2 டாலர் குடுத்தானாம். சரிதான். ஆனா எதுல இருந்து குறைக்கணும்? அதுக்கு முந்தின நாட்கள்ல நீ எரிச்ச கணக்குல இருந்து. அங்கதாம்ல இருக்கு சூட்சுமம்! இங்க ரெண்டு பல்பு. ஒண்ணை உங்க ஆச்சி அணைச்சிருவா. எங்கிட்டக் குறைக்க என்ன கிடக்கு? ஏசியைப் போட்டுட்டுக் கம்பளியைப் போத்திப் படுக்க பாரு, நீதான் அவனுக்குச் செல்லப்பிள்ளை. அதனால முதல்ல நல்லா எரி. பெறவு குறை.

இது என் சொந்தப் புத்தின்னு நினைக்காத. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ரம்ஃபோர்ட்னு ஒரு ஊர்ல காகித ஆலை. சொந்தமா ஜெனரேட்டர் வச்சிருக்கான். கணக்கெடுக்க வந்த நாள்ல அதை அடக்கிவச்சிட்டு, வெளிக் கரண்டை இழுத்து இழுத்து ஓட்டினான். கணக்கு முடிஞ்சதும் ஜெனரேட்டரைப் பழையபடி முடுக்கி, "பாத்தீகளா, எம்புட்டுக் குறைச்சிட்டேன்"னு துட்டு வாங்கினான். பால்டிமோர் பேஸ்பால் மைதானத்துல இன்னும் கூத்து: ஆட்டமே இல்லாதப்ப விளக்கைப் போட்டுவச்சு, பெறவு அணைச்சுக் குறைச்ச மாதிரி காட்டினாக. 2013-ல ரெண்டு கேசுக்கும் அபராதம் விழுந்துச்சு. காகித ஆலைக்கு மட்டும் 1 கோடி டாலர். நீ மைதானம் அளவுக்குப் போகாத, வீட்டளவுல செய்.

கலிஃபோர்னியாவுல 2022 செப்டம்பர் 6 அன்னைக்கு நடந்த கதையும் நீதான சொன்ன? சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு ஊர்ப்பட்ட செல்லும் அலறுச்சு, அவசரம், கரண்டைக் குறைங்கன்னு. துட்டைப் பத்தி ஒரு சொல்லு இல்ல. அரை மணி நேரத்துக்குள்ள ஏறக்குறைய 2,000 மெகாவாட் இறங்கிருச்சே! வெவரங்கெட்ட சனம். பேரம் பேசிட்டுல்லா அணைச்சிருக்கணும்?

இங்க விடிகாலை நாலரை. அப்ப அங்க சாயங்காலம் நாலு அடிச்சிருக்கும். இன்னைக்கும் சேதி வந்திருக்குன்ன... ஏலே, பின்னால என்னமோ கடகடன்னு உருளுதே? துணி காயவைக்கிற மிஷினால?