மோகனத்தில் தாரம் இல்லை

ச ரி க ம ப த நி என்ற ஏழுக்கும் பழந்தமிழில் பெயர் உண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இசைநூல் என்று தெரியாமல் படித்தால், யாரோ ஓர் ஆண்பிள்ளையின் வாழ்க்கை வரலாறு என்றே தோன்றும். பிறந்ததும் குரல் கொடுக்கிறான். நோய் வந்தால் வைத்தியர் துத்தம் என்ற மருந்துச் சரக்கைத் தருகிறார். வயது வந்ததும் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல். அப்புறம் உழை. முதலாளியைப் பார்த்து இளி. விளரி என்பது இரங்கற்பண்ணுக்கும் பெயர். ஒப்பாரி முடிந்த கையோடு தாரம்!

இதை வீட்டில் சொன்னேன். "ஏழில் உச்சத்தில் இருப்பது யார், பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் தாரம் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

1917-ல் 'கருணாமிர்த சாகரம்' தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியரும்கூட. இரண்டு துத்தமும் அறிந்தவர். என் கவலை கைக்கிளை பற்றியது. தொல்காப்பியம் அகத்திணை ஏழில் முதலாவதாக வைப்பது கைக்கிளையை. கை என்றால் பக்கம், கிளை என்றால் உறவு. ஒரு பக்கத்து உறவு. மறுபக்கத்துக்குத் தகவலே போயிருக்காது.

இசையிலும் கைக்கிளையின் பாடு திண்டாட்டம்தான். நின்ற நரம்புக்கு, அதாவது எடுத்துக்கொண்ட சுரத்துக்கு, ஐந்தாவது கிளை, மூன்றாவது பகை என்பது பழைய கணக்கு. குரலிலிருந்து எண்ணினால் கைக்கிளை மூன்றாவது, ஆகவே பகை. ஆனால் ஐந்தைந்தாகப் போனால் குரல், இளி, துத்தம், விளரி, கடைசியில் கைக்கிளை என்று உறவாகவும் வந்து நிற்கிறது. சொந்தத்தில் பெண் எடுத்த வீடு மாதிரி, பகையாளியும் பங்காளியும் ஒரே ஆள்.

இந்த ஐந்தும் சேர்ந்தால் முல்லைப்பண். இன்றைய மோகனம் என்பார்கள். கவனியுங்கள்: மோகனத்தில் உழை கிடையாது, தாரமும் கிடையாது. இனிக்காமல் என்ன செய்யும்?

"காதலை விட்டுத் தொலை, உழை" என்று அப்பாக்கள் சொல்வதை அப்படியே செய்து பார்க்கலாம். கைக்கிளையை வெளியே அனுப்பி, அந்த இடத்தில் உழையை உட்காரவைத்தால் மோகனம் சுத்த சாவேரி ஆகிவிடும். அருமையான ராகம், குறை சொல்ல முடியாது. ஆனால் அதிலும் நிஷாதம் இல்லை. உழைத்தும் பெண் கிடைத்தபாடில்லை!