தயிர்ச்சட்டியின் அசையாமை குறித்த ஆராய்ச்சி

உறை ஊற்றி மூடிவைத்த பாற்சட்டியை விடியும்வரை ஒருவரும் தொடலாகாது என்னும் கிருஹ நியதி எந்தச் சாஸ்திரத்தில் விதிக்கப்பட்டது என்று விசாரிக்கப் புகுந்தால், பாலையும் தயிரையும் முன்னிட்டு ஏராளமாய் வாதம் புரிந்த பெரியோர் சட்டியைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை. காரியம் காரணத்திலேயே உள்ளது, ஆகவே பாலுக்குள் தயிர் முன்பே மறைந்திருக்கிறது என்பர் சாங்கியர். இல்லாததே புதிதாகப் பிறக்கிறது என்பர் நையாயிகர். கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கட்டி வேறு, நீர் வேறாய்த் திரிந்துபோகிறதே, அந்தத் திரிபும் உள்ளே ஒளிந்திருந்ததா என்று கேட்பதற்குச் சமையற்கட்டின் பிரதிநிதி எவரும் அச்சபையில் இல்லாமற்போனது தத்துவ உலகின் துரதிர்ஷ்டமே.

நவீன ரசாயனத்தின் சித்தாந்தம் வேறு. பசும்பாலில் 100 பங்குக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். கேசீன் என்னும் புரதமோ 3 பங்குக்கும் குறைவு. கால்சியம் பாஸ்பேட்டோடு கூடி அப்புரதம் நுண்ணுருண்டைகளாய் மிதக்க, அவற்றின் மேற்புறத்து மெல்லிழைகளும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று அண்டவிடாமல் விலக்குகின்றன. உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை ஈன, பிஎச் அளவு 6.7-இலிருந்து மெல்ல மெல்ல 4.6-ஐ நோக்கி இறங்குகையில், மின்னூட்டம் ஒழிந்து, பகை தணிந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சட்டி முழுதும் ஒரே வலையாய்ப் படர்கின்றன. அத்தனை நீரும் அந்தச் சொற்பப் புரதத்திடம் கைதியாகிவிடுகிறது. பாலை நன்றாய்க் காய்ச்சினால் தயிர் கெட்டிப்படுவதும், வெப்பத்தில் முறுக்கவிழ்ந்த வேறு சில புரதங்கள் இவ்வலைக்குத் துணைசேர்வதால்தான். அமிலமோ சூடான பாலில் ஒரே மூச்சில் வந்து விழுந்தால், வலை பின்ன அவகாசமின்றி உருண்டைகள் மொத்தை மொத்தையாய்த் திரண்டுவிடும். உறையும் தருணத்தில் சட்டி குலுங்கினால், பாதி பின்னிய வலை அறுந்து தயிர் நீர்த்துப்போகும். ஆகவே நியதி பிரமாணபூர்வமானதே.

உறைந்தபின் தொடலாமா என்னும் கேள்வி தனி விசாரணைக்குரியது. நடுநிசியில் ஏட்டை ஓரமாய் விலக்கி ஒரு கரண்டி அபகரிப்பவர், அறுபட்ட வலை சுருங்கி அந்தக் குழியிலேயே தெளிநீரைக் கசியவிடும் என்பதை அறிவதில்லை. காலையில் அந்நீரே சாட்சி. பழியைப் பூனையின்மேல் போட எண்ணுவோர், பூனைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியும் என்பதையும் கூடவே நிரூபித்தாக வேண்டும்.