வாயால் வடை சுடக் கற்றுக்கொள்ளுங்கள்

கேம் இன்னும் முடியவில்லையா? நல்லது. முடிந்த கேமைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ், லண்டன், கொலோன் என்று சுற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? இருப்பதைக் காட்ட யாரும் போதும். இல்லாததைக் காட்டத்தான் உங்களைப் போன்ற கேம் இயக்குநருக்கு விமான டிக்கெட் போடுகிறார்கள். கறுப்பு டி-ஷர்ட் நாலு, மேலே போட ஒரு கோட்டு, தொண்டைக்கு மாத்திரை. பெட்டியைக் கட்டுங்கள். நான் சொல்லப்போவதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கூச்சமில்லாமல் செய்யவைப்பதுதான் என் வேலை.

1. டிரெய்லரை முதலில் செய்யுங்கள். கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2005 ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில் 'கில்சோன் 2' டிரெய்லரைப் பார்த்து அரங்கமே வாய் பிளந்தது. அது கேம் ஓடும் காட்சியே இல்லை, முன்கூட்டிச் செய்துவைத்த அனிமேஷன் என்பது பின்னால் தெரிந்தது. கேம் கடைக்கு வந்தது 2009இல். இடையில் அந்தக் குழு என்ன செய்தது? தன் டிரெய்லரையே எட்டிப் பிடிக்க ஓடியது. உங்கள் குழுவுக்கும் அப்படி ஓர் இலட்சியம் வேண்டாமா?

2. டெமோவை வீடு மாதிரிக் கட்டாதீர்கள். சினிமா செட் மாதிரிக் கட்டுங்கள்.

மூடிய கதவு, இருட்டு அறை, பெரிய திரை, அரை மணி நேரம். இவ்வளவுதான் பத்திரிகையாளருக்கு. நாயகன் நடக்கப்போகும் ஒரு தெரு இருந்தால் போதும். அடுத்த தெருவில் உலகம் முடிந்துவிடுவதால் கன்ட்ரோலரை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஆளே விளையாடட்டும், எந்த இடத்தில் கால் வைத்தால் தரை விழுங்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். நீங்கள் பக்கத்தில் நின்று, "இங்கே எங்கு வேண்டுமானாலும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அவர் நேராகத்தான் போவார்.

'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' இதற்கு நல்ல பாடம். 2011இல் காட்டிய டெமோவில் ஒளியும் நிழலும் மிரட்டின. 2013 பிப்ரவரியில் கடைக்கு வந்த கேமில் அந்த ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் போனது. இது டெமோ காட்சி என்று டிரெய்லர்களில் குறிப்புப் போட, கேமை வெளியிட்ட சேகா நிறுவனம் ஒத்துக்கொண்டது. வேட்டையாட வேண்டிய ஏலியன்களோ கல்யாண வீட்டில் பந்தி எங்கே என்று தெரியாமல் திரியும் விருந்தாளிகளைப் போல நின்றன. 2018இல் ஒரு விஷயம் பரவியது: கேமின் ஒரு கோப்பில் ஒரு சொல்லுக்கு நடுவே ஒற்றை எழுத்து தப்பாக நுழைந்திருந்தது. அதை நீக்கினால் ஏலியன்களுக்குக் கொஞ்சம் புத்தி வருகிறது!

ஆகவே, உங்கள் ஆபீசில் எழுத்துப்பிழை பார்க்கிற ஆள் யாராவது இருந்தால் உடனே அவரை டெமோ வேலைக்கு மாற்றிவிடுங்கள்.

3. எந்தக் கேள்விக்கும் பதில் 'ஆமாம்'.

பயணத்தின் உயிர்நாடி இதுதான். கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு முதல் பத்திரிகையாளர் வருவார். இருபது நிமிடம். எழுந்து கைகுலுக்குவதற்குள் அடுத்தவர். எல்லாரும் அதே கேள்வியைக் கேட்பார்கள், நீங்களும் அதே பதிலைச் சொல்வீர்கள். பதினைந்தாவது ஆள் வரும்போது உங்கள் கேம் உங்களுக்கே சலித்துவிடும். எதிரில் இருப்பவர் கொட்டாவியை அடக்குவார். சோர்ந்துவிடாதீர்கள். புதிய அம்சங்கள் பிறக்கும் நேரம் அதுதான். மரத்தை வெட்டலாமா என்று கேட்பார். ஆமாம். வெட்டின மரம் திரும்ப வளருமா? நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார் பாருங்கள். ஆமாம், வளரும்!

இந்த வித்தையின் பெருந்தச்சர் கேம் வடிவமைப்பாளர் பீட்டர் மோலினியூ. 'ஃபேபிள்' கேமில் ஒரு ஓக் மரத்துக் கொட்டை தரையில் விழுந்தால், நீங்கள் ஊரெல்லாம் சுற்றித் திரும்புவதற்குள் அது மரமாகியிருக்கும் என்றார். 2004இல் கேம் வந்தது, மரம் வரவில்லை. அதிகம் சொல்லிவிட்டேன் என்று ரசிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இது பயிற்சியாளன் என்ற முறையில் எனக்கு வருத்தம். ஆனால் இன்றைக்கும் 'ஃபேபிள்' பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் அந்த முளைக்காத கொட்டையைப் பற்றிக் கேட்டுவிடுவார். முளைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவர் தளரவில்லை. 2009இல், திரைக்குள்ளிருந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசும் மைலோ என்ற சிறுவனை ஈ3இல் அறிமுகப்படுத்தினார். மைலோ கடைக்கு வரவே இல்லை.

'ஆமாம்' சொன்ன விஷயம் உங்கள் புரோகிராமருக்கு எப்போது தெரிய வேண்டும்? பேட்டி வெளியான பிறகு. காலையில் காபியோடு உட்கார்ந்து இணையத்தைத் திறக்கும்போது, அடுத்த எட்டு மாதம் தான் மரம் வளர்க்கப்போகிறோம் என்று அவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். முன்கூட்டிச் சொன்னால் முடியாது என்பார். அச்சில் வந்த பிறகு சொல்ல மாட்டார். வேறு வேலை தேடிக்கொள்வார், அவ்வளவுதான்.

4. பெரிய எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

'நோ மேன்ஸ் ஸ்கை'யின் எண் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. 2ஐ 64 முறை பெருக்கினால் வருவது. நம் கணக்கில் 1,84,467 கோடி கோடி கிரகங்கள். இங்கிலாந்தில் கில்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2013 டிசம்பரில் இந்தக் கேமை அறிவித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஷான் மரே 2015இல் அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சி வரைக்கும் போய் உட்கார்ந்தார். இத்தனை கிரகத்தில் ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரைச் சந்திக்க முடியுமா என்று எல்லாரும் கேட்டார்கள். முடியும், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு என்பதுதான் கிடைத்த பதில்.

அழகைப் பார்த்தீர்களா? எண் பெரிதாக இருந்தால் யாரும் சரிபார்க்கப் போக மாட்டார்கள். பிரபஞ்சமே பெரியது, நாம் என்ன செய்ய?

2016 ஆகஸ்டில் கேம் வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றுவிட்டார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. சிறப்புப் பதிப்பின் சில அட்டைப்பெட்டிகளில் 'ஆன்லைனில் சேர்ந்து ஆடலாம்' என்ற அடையாளத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைச் சிலர் உரித்துப் பார்த்தார்கள். அதனால் சுற்றுப்பயணச் செலவில் ஸ்டிக்கருக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். நல்ல பசையாக.

5. சரித்திரம் பேசுங்கள். 2006 ஈ3இல் 'கெஞ்சி' கேமை விளக்கியவர், பழங்கால ஜப்பானில் உண்மையில் நடந்த போர்களை வைத்துச் செய்தது என்றார். சற்று நேரத்தில் திரையில் யானை அளவுக்கு ஒரு நண்டு வந்தது. அவர் குரல் மாறவே இல்லை. அந்தக் குரல்தான் உங்களுக்கு வேண்டும்.

6. உங்களை மிகவும் நேசிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் முன்னால் அவர்கள் கேட்காததை அறிவியுங்கள்.

2018 நவம்பர், அனஹைம், பிளிஸ்கான் ரசிகர் விழா. காசு கொடுத்து, லீவு போட்டு வந்த 'டியாப்லோ' ரசிகர்கள். இத்தனை வருஷமும் கணினியில் ஆடியவர்கள். அவர்களிடம் 'டியாப்லோ இம்மார்ட்டல்' போனுக்கு வருகிறது என்றார்கள். கணினிக்கும் வருமா என்று கேட்டதற்கு இல்லை என்ற பதில் வந்ததும் கூட்டம் ஊளையிட்டது. மேடையில் இருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல், ஏன், உங்களிடம் போன் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். அபாரம்! 2022இல் அந்தக் கேம் வெளிவந்தபோது கணினிக்கும் வந்தது. ஆனால் அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்குமா?

7. பரிசு கொடுங்கள். கொடுப்பதில் தராதரம் பாருங்கள்.

பாரிஸில் 'வாட்ச் டாக்ஸ்' பார்க்க வந்த பத்திரிகையாளர்களுக்கு 2014இல் டேப்லெட் கொடுத்தார்கள். செய்தி வெளியானதும், இது எங்கள் கொள்கை இல்லை என்றது கேமை வெளியிட்ட யூபிசாஃப்ட். அதே கேமுக்காக அதே ஆண்டு சிட்னியில் ஒரு செய்தி அலுவலகத்துக்குக் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று போனது. எண்ணை அழுத்தியதும் பெட்டி பீப் பீப் என்றது. வெடிகுண்டுப் பிரிவு வந்து திறந்தது. உள்ளே அந்தக் கேம். விளம்பரத்துக்குக் காவல் துறையையே இலவசமாக அழைத்துவந்த வேறு தொழில் உண்டா? 'காட் ஆஃப் வார் 2' வெளியீட்டு விருந்துக்கு 2007இல் ஏதென்ஸில் செத்த ஆட்டைக் கொண்டுவந்து வைத்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். சோனி மன்னிப்புக் கேட்டது. ஆடு கேட்கும் நிலையில் இல்லை.

இப்போது ஒரு பையின் கதை. 'ஃபால்அவுட் 76' சிறப்புப் பதிப்பு 200 டாலர். அதோடு கான்வாஸ் பை என்று போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் நைலான். கான்வாஸ் துணி கிடைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. இன்ஃப்ளூயன்சர்களுக்கு மட்டும் எப்படியோ கான்வாஸ் பையே கிடைத்திருந்தது. காசு கொடுத்தவருக்கு நைலான், காசு கொடுக்காதவருக்குக் கான்வாஸ்: தொழிலின் முதல் விதியை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் விளக்கியதில்லை. ஈடாகக் கேமுக்குள் மட்டும் செல்லும் 500 'ஆட்டம்' (Atom) நாணயம் தருகிறோம் என்றார்கள். வெளியே அதன் மதிப்பு 5 டாலர். பிறகு பொறுமை இழந்து உண்மையான பையையே தைத்துக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் 500 நாணயத்தோடு நில்லுங்கள்.

8. தேதியை நீங்கள் சொல்லாதீர்கள். நடிகரைச் சொல்லவையுங்கள்.

2019 ஈ3இல் புகைக்கு நடுவே கியானு ரீவ்ஸ் வந்து 'சைபர்பங்க் 2077' 2020 ஏப்ரல் 16 அன்று வெளியாகும் என்றார். கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் அழகைப் பற்றிக் கத்த, அவர் பதிலுக்கு அரங்கத்தையே அழகென்று சொல்ல, யாருக்குத் தேதி காதில் விழுந்தது? ஏப்ரல் செப்டம்பரானது, செப்டம்பர் நவம்பரானது. அக்டோபர் தொடக்கத்தில், கேம் 'கோல்ட்' ஆகிவிட்டது, அதாவது வட்டு அச்சிடத் தயார் என்று அறிவித்தார்கள். அதே மாதக் கடைசியில் இன்னும் 21 நாள் வேண்டும் என்றார்கள். பொன்னென்றால் புடம் போட வேண்டாமா?

விமர்சகர்களுக்கு வெளியீட்டுக்கு முன்னால் கணினிப் பதிப்பு மட்டும் போனது. வீடியோவுக்கு நிறுவனம் தந்த காட்சியைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை. 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். பழைய கன்சோல் வைத்திருந்தவர்களுக்கு டிசம்பர் 10 அன்றுதான் தங்கள் வீட்டில் அது எப்படி ஓடும் என்று தெரிந்தது. ஒரு வாரம் கழித்து சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

எம்பார்கோவை, அதாவது விமர்சனத்துக்குப் போடும் நேரத் தடையை, சரியாகக் கட்ட யூபிசாஃப்டைப் பாருங்கள். 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' அமெரிக்காவில் 2014 நவம்பர் 11 நள்ளிரவு விற்பனைக்கு வந்தது. விமர்சனம் வெளியிட அனுமதி நண்பகலில். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாங்கியவர்கள், முகம் இல்லாமல் கண்விழியும் பல்லும் மட்டும் மிதக்கும் மனிதர்களைத் தாங்களே நேரில் பார்த்துக்கொண்டார்கள். விமர்சகரின் உதவி தேவைப்படவில்லை.

9. கேம் வந்த மறுநாள் காணாமல் போய்விடுங்கள்.

இதுவரை எல்லாரையும் புகழ்ந்த நான் ஒரு எச்சரிக்கை தர வேண்டியிருக்கிறது. ஷான் மரேயைப் பின்பற்றாதீர்கள். கேம் வந்ததும் அவர் மறைந்தது சரிதான், பாடத்தில் உள்ளதுதான். விளம்பரத்தில் ஏமாற்றினார்கள் என்ற புகாரையும் பிரிட்டன் அமைப்பு தள்ளிவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் குழு வாயைப் பொத்திக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்டது! 2018 ஜூலையில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கவே முடிந்தது. அதற்கு ஒரு காசு கேட்கவில்லை. அதுவரை பேட்டியும் அவ்வளவாகத் தரவில்லை. ஒரு நல்ல வாய் இரண்டு வருஷம் வீணாகப் போனது.

நல்லவேளை, 2023 டிசம்பரில் அவரே திரும்ப மேடையேறினார். சில நாளில் ஈ3 நிரந்தரமாக மூடப்பட்டது என்று அறிவிப்பு வந்து என் தொழிலே போயிற்று என்று நான் சோர்ந்தபோது அதுதான் எனக்கு ஆறுதல். 'லைட் நோ ஃபயர்' என்று புதுக் கேம். இந்த முறை கோடி கோடி கிரகம் இல்லை, ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பூமியளவு பெரியது என்றார். பழைய குரல், பழைய கண் பளபளப்பு. அரங்கம் கைதட்டியது, நான் வீட்டிலிருந்து தட்டினேன்.

வெளியீட்டுத் தேதி மட்டும் சொல்லாமல் இறங்கிவிட்டார். இப்படித்தான் நல்ல மாணவர்கள் கெட்டுப்போகிறார்கள். நீங்கள் ஒரு நடிகரைத் தேதி சொல்லவைத்துவிட்டு இறங்குங்கள்.