நிக்கோவின் வலது கால்

எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை கிடையாது. அண்ணன் தம்பி தகராறு கிடையாது. வரப்புச் சண்டை போடலாம் என்றால் நிலம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு சண்டைதான்: அயர்ன் மெய்டன் கச்சேரி வீடியோக்களில் எது உசத்தி? சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிட்டார்காரர் 1975 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய ஹெவி மெட்டல் கோஷ்டி இது. இன்னும் ஓய்ந்தபாடில்லை. பாடுகிறவர் புரூஸ் டிக்கின்சன். பாடாத நேரத்தில் விமானம் ஓட்டுவார், நிஜமாகவே. 1999லிருந்து கிட்டார் வாசிக்க மட்டும் மூன்று பேர்: டேவ் முரே, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ். இது போதாதென்று எட்டி என்று ஒரு ராட்சதப் பொம்மை கச்சேரி நடுவில் மேடைக்கு வந்து எல்லோரையும் மிரட்டிவிட்டுப் போகும். நான் பயப்படுவதில்லை. எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்தவன் நான்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஹாஸ்டலில் பிடித்தது. கலிஃபோர்னியாவில் லாங் பீச் அரங்கத்தில் 1985 மார்ச்சில் பெரும்பகுதியைப் பதிவு செய்த 'லைவ் ஆஃப்டர் டெத்' அப்போது இரட்டை இசைத்தட்டாக வந்திருந்தது. மொத்தம் நூறு நிமிஷத்துக்கு மேல். கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடைக்காரரிடம் இருந்ததோ தொண்ணூறு நிமிஷக் கேசட். அவர் ஒன்றும் கவலைப்படவில்லை. கேசட் எங்கே முடிந்ததோ அங்கே கச்சேரியையும் முடித்துக் கொடுத்தார். முதல் பக்கக் கடைசியில் 'பவர்ஸ்லேவ்' என்று ஒரு பாட்டு. தெய்வமாக வாழ்ந்த எகிப்து மன்னன், சாகும் நேரத்தில் 'நான் ஏன் சாக வேண்டும்?' என்று கிடந்து புலம்புகிற விஷயம். என் கேசட்டில் அவன் சாகவே இல்லை. சாவு நெருங்கும்போது டக்கென்று கேசட் நின்றுவிடும். பல வருஷம் அவனை நான் உயிரோடு வைத்திருந்தேன்.

வீடியோவும் அதே லட்சணம்தான். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டெக் வாடகைக்கு எடுத்து, மெஸ் ஹாலில் பார்த்தோம். பிரதிக்குப் பிரதி எடுத்த டேப். மேடை முழுக்க எகிப்திய அலங்காரம் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது அடைமழை. டிக்கின்சன் இறகு வைத்த முகமூடி மாட்டிக்கொண்டு வருவார். எங்கள் பிரதியில் ஒரு காக்கா வந்து பாடிவிட்டுப் போயிற்று. ஆனாலும் அன்று ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. வார்டன் உட்பட.

ஆகவே என் கட்சி லாங் பீச். அதைச் சொல்லித்தான் வீட்டில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போனது.

என் பையன் சிலி கட்சி. சான்டியாகோ தேசிய விளையாட்டரங்கில் 2011 ஏப்ரல் 10 அன்று எடுத்து, மறு வருஷம் 'என் விவோ!' என்று வெளியானது. "அப்பா, இருபதுக்கு மேல கேமரா. வியர்வை கூடத் தெரியுது. உங்க லாங் பீச்ல ஆளே தெரியல." ஆளே தெரியாமல் ஆயுசு முழுக்க ரசித்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்ல? சிலி ரசிகர்களின் ஆவேசத்துக்கு ஒரு கதை உண்டு என்பதையும் அவன்தான் சொன்னான். 1992ல் இந்தக் கோஷ்டி அங்கே வாசிப்பதாக இருந்தபோது திருச்சபை எதிர்த்ததில் கச்சேரியே நடக்கவில்லை. அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்து, ஐம்பதாயிரம் பேர் பாட்டை மட்டும் பாடாமல் கிட்டார் ஸ்வரங்களையும் சேர்த்துப் பாடுகிறார்கள். கேட்டால் சிலிர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். பார்த்தால்தான் தலை சுற்றும். திரையை இரண்டாக, மூன்றாக, நாலாகக் கூறு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இது கச்சேரியா, அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் பார்க்கும் சிசிடிவியா என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு வைஃபை விஷயமாக மட்டும் பேசினான்.

இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மச்சினன் இருக்கிறானே, அவன் பெங்களூர் கட்சி.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் மைதானம். இந்தியாவில் அயர்ன் மெய்டன் வாசித்த முதல் கச்சேரி. நாடு முழுவதிலிருந்தும் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரயிலேறிப் போனார்கள். சென்னையிலிருந்து போனவர்களில் இவன் ஒருத்தன். எனக்கு அன்று ஆபீசில் ஆடிட். அதை இவன் இன்று வரை ஒருமுறைகூடக் குத்திக்காட்டியதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கச்சேரிச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு வருவான்.

போனவன் சும்மா வந்தானா? கைபேசியில் வீடியோ எடுத்து வந்தான். 2007ம் வருஷத்துக் கைபேசி. படம் தபால் தலை அகலம். அதைத்தான் இப்போது எங்கள் வீட்டுப் பெரிய டிவியில் போடுவான். திரை பூராவும் சதுரம் சதுரமாக ஏதோ நகரும். "மாமா, நடுவுல பாருங்க." பார்த்தால் ஒரு முதுகு. நல்ல உயரமான ஆளுடைய முதுகு. முதுகுக்கு மேலே நீளத் தலைமுடி. முடி ஆடும். "இடது ஓரத்துல வெளிச்சம் தெரியுதா? அதான் டேவ் முரே." சத்தம் என்று எடுத்துக்கொண்டால், புயலில் தகரக் கொட்டகை பறக்கிற ஓசை, நடுவே இவன் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கும்: "டேய் தள்ளுடா!"

உலகத்தில் உள்ள அத்தனை மெய்டன் வீடியோவையும் விட இதுதான் உசத்தி என்பது அவன் கட்சி. இதில்தான் 'ஃபீல்' இருக்கிறதாம். எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் அந்த முதுகுக்காரன் தலையை ஆட்டுகிறான் பாருங்கள், தாளத்தை ஒரு இடத்தில்கூட விடவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே அவன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

இத்தனை வருஷம் இந்தச் சண்டையில் அடிபட்டதில் ஒன்று புரிந்தது. ரசிகர்களுக்குள் எத்தனை கட்சி இருந்தாலும் கேமராக்காரரைத் திட்டுவதில் எல்லோரும் ஒரே கட்சி. ஏட்ரியன் ஸ்மித் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக சோலோ வாசித்துக்கொண்டிருப்பார். திரையில் ஜானிக் கெர்ஸ் கிட்டாரைச் சுழற்றிக்கொண்டு காலைத் தூக்கி ஆடுவார். 2001 ஜனவரியில் ரியோவில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் வாசித்தார்கள். அதையாவது ஆற அமரக் காட்டக்கூடாதா? கிட்டாரில் ஒரு கம்பியைத் தொடுவதற்குள் காட்சி மாறிவிடும். அதைப் பார்த்த அன்று நான் கண் டாக்டரிடம் போனேன். பவரில் மாற்றமில்லை என்று சொல்லி ஃபீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒழுங்காக எடுத்த வீடியோவும் இருக்கிறது. 1988 நவம்பரில் பர்மிங்ஹாமில் நடந்த கச்சேரியை 'மெய்டன் இங்கிலாந்து' என்று வெளியிட்டார்கள். இயக்கம், எடிட்டிங் இரண்டும் ஸ்டீவ் ஹாரிஸே. எந்த இடத்தில் யார் கை முக்கியம் என்பது வாசிக்கிறவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் ஒருத்தனாக நின்று பார்க்கிற நிதானம் அதில் உண்டு. நால்வருக்கும் அது பொதுவாகப் பிடித்திருக்கிறது. அதனாலேயே எங்கள் வீட்டில் அதைப் போடுவதில்லை, சண்டைக்கு வழியில்லை.

நால்வர் என்றேனே, நாலாவது ஆள் என் மனைவி. அவள் ரசிகை இல்லை. ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்வதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான். ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் ரியோவைப் பற்றி தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தாலி கட்டுற நேரத்துல பந்தியக் காட்டுற கல்யாண வீடியோ மாதிரி எடுத்து வச்சிருக்கான். இதுக்கு எதுக்கு இத்தனை கத்தல்?"

ரசிகர்கள் ஆண்டாண்டு காலமாகப் பக்கம் பக்கமாகப் புலம்பியது, ஒரு கட்டு அரைக்கீரை முடிவதற்குள் முடிந்துவிட்டது. மச்சினன் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு இதுவரை கொடுத்ததில்லை.

எனக்கென்று சொந்தமாக ஒரே ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொன்னால் இந்த மூன்று பேரும் ஒற்றுமையாகச் சிரிப்பார்கள். பரவாயில்லை, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோஷ்டிக்கு 1982 கடைசியிலிருந்து 2024 டிசம்பர் வரை டிரம்ஸ் வாசித்தவர் நிக்கோ மெக்பிரைன். சுற்றிலும் டிரம்மைக் கோட்டைச்சுவராக அடுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். மேலே மூக்கும் குச்சியும்தான் தெரியும். மற்ற மெட்டல் கோஷ்டிகளில் இரண்டு பெடல் வைத்து இரண்டு காலால் உதைப்பதை, இவர் ஒற்றைப் பெடலில் வலது காலால் சாதிப்பவர். அதுவும் வெறுங்காலோடு. 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. அதே வருஷம் சுற்றுப்பயணத்துக்குத் திரும்பி வந்து வாசித்தார் மனுஷர். அந்தக் காலை ஒரு முழுப் பாட்டுக்குக் காட்டக்கூடாதா? நான் கேட்பது அவ்வளவுதான். எட்டிப் பொம்மைக்கு நிமிஷக்கணக்கில் குளோஸப். சிலியில் மேலே பறந்து எடுக்க ஒரு கேமரா. கீழே குனிந்து எடுக்க ஒருத்தரும் இல்லை.

"அந்தாளுக்கு யாரும் ஒரு செருப்பு வாங்கிக் குடுக்கலியா?" என்றாள் மனைவி. என் வாழ்நாள் கோரிக்கைக்குக் கிடைத்த ஆதரவு இது ஒன்றுதான்.

போன மாதம் மச்சினன் ஒரு சவுண்ட்பார் வாங்கி வந்து மாட்டிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசல் மணி அடித்தது. மேல் வீட்டு சார். ரிடையர்ட் தலைமையாசிரியர், அசோசியேஷன் செயலாளர். கதவைத் திறக்கும்போதே நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அது எனக்குப் பழக்கம். அவர் என்னைத் தாண்டி டிவியைப் பார்த்தார். கொலம்பியாவில் கச்சேரி முடிந்து, நிக்கோ வீசிய டிரம் குச்சியைப் பிடித்துவிட்ட ஒரு வாலிபர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். 'ஃபிளைட் 666' படத்தில் வருகிற இடம்.

"ஏன் அழறான்?"

பையன் விளக்கினான். சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, முதல்லேர்ந்து போடு" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறார். சத்தத்தைக் குறைத்தால் கோபித்துக்கொள்கிறார். நாற்காலி திரும்பி வரவில்லை. நான் மோடாவில் உட்காருகிறேன். அது சமையலறைக்குப் பக்கத்தில் இருப்பதால் காபி போடும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

போன ஞாயிறு டிகாக்‌ஷன் இறங்குவதற்காக ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து பையன் கத்தினான்: "அப்பா! கால்! காலைக் காட்டறான்!"

ஓடினேன். திரையில் ஜானிக் கெர்ஸ் கிட்டாரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுடா" என்றேன்.

"பாதியில நிறுத்தினா ஃபீல் போயிடும் சார்" என்றார் மேல் வீட்டு சார். மச்சினன் அதை ஆமோதித்தான்.

"எப்படித்தான் இருந்தது? அதையாவது சொல்லுங்களேன்."

"அடிக்கிற அடியில பெடல் கண்ணுக்கே தெரியல" என்றான் பையன். "அது காலே இல்ல மாமா, கேமராக்காரன் கை" என்றான் மச்சினன். "ஏதோ வயர் கிடந்தது" என்றாள் மனைவி.

"வெறுங்காலா?" என்றேன் நான், யாராவது ஒருத்தர் சொல்லட்டும் என்று.

"சாக்ஸ் போட்டிருந்தான் சார்" என்றார் மேல் வீட்டு சார். "நான் நல்லாப் பார்த்தேன். காபி ஆச்சா?"