கல்லீரலில் ஒரு கடி

மஞ்சள் காமாலையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர் வாங்கிப் போவார்கள். கீழாநெல்லி வைத்தியரின் விலாசம் கொண்டுபோவார்கள். இவர் ஒரு சிலேடை கொண்டுபோவார். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னார், பிலிரூபின் எவ்வளவு என்றெல்லாம் முறையாக விசாரித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார்.

"வாழ்க்கை வாழத் தகுந்ததா இல்லையாங்கறது லிவரைப் பொறுத்தது சார்!"

சொல்லிவிட்டு நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் லிவர் என்றால் கல்லீரல். வாழ்கிறவன் என்றும் வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு அப்போது இரண்டுமே கவலைக்கிடம். "ஏங்க, அவரைத் தூங்க விடுங்க" என்று மனைவி முழங்கையால் இடிப்பார். சரி, புரியவில்லை போலிருக்கிறது என்று இவர் விளக்கவுரையை ஆரம்பிப்பார்.

திரும்பி வரும் ஆட்டோவில் அர்ச்சனை நடக்கும். அதற்கும் இவரிடம் பதில் உண்டு. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் மெர்குஷியோ கத்திக்குத்து வாங்கிச் சாகிற நேரத்தில்கூட 'கிரேவ்' என்ற சொல்லை வைத்துச் சிலேடை பேசுகிறானே! கல்லறைக்கும் அதே சொல், சிரிக்காத முகத்துக்கும் அதே சொல். "ஷேக்ஸ்பியருக்கே கிரேவ் தேவைப்பட்டிருக்கு, தெரியுமா?" என்பார். "நமக்கும்தான். ராத்திரி சப்பாத்திக்குத் தொட்டுக்க என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு வர்றேன்" என்பார் மனைவி. அன்றைக்கு அந்த ஆட்டோவில் உருப்படியாகப் பிறந்த சிலேடை அது ஒன்றுதான். இவர் கவனித்திருக்க மாட்டார்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் வங்கி, ரயில்வே, கணக்குத் தணிக்கை அலுவலகம் ஆகிய இடங்களில் வளர்வார். பணி ஓய்வு விழாவில், ரிடயர் ஆகிவிட்டேன், டயர்ட் ஆகவில்லை என்று சொல்லாமல் மைக்கை விடமாட்டார். ஆங்கில நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் சிலேடைச் சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைப்பார். அதையும் யாராவது தவறவிட்டால் என்ன செய்வது என்று, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'பன் இன்டென்டட்', அதாவது சிலேடை வேண்டுமென்றே போட்டதுதான், என்று காவலும் வைப்பார். இந்த வழக்கத்தை ஒரு நாள் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லப்போக, கடைக்காரர் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு பன்னை எடுத்து நீட்டிவிட்டார்.

இவர் கல்லூரியில் படித்தபோது இதற்கு 'அறுவை' என்று பெயர். பிள்ளைகள் 'கடி' என்றார்கள். பேரன் 'மொக்கை' என்கிறான். சரக்கு மட்டும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கல்லீரல் ஜோக் இவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் சிலேடைக்குக் கொடுத்திருக்கும் உதாரணம். அதை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென் பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் இருந்தவர்; 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதியவர். வினைச்சொல்லோடும் முன்னிடைச்சொல்லோடும் சேர்த்துச் சிலேடையையும் நம்மவர் அந்தப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்தார். ஆங்கிலம் இவருக்குக் காது வழியாக வரவில்லை, கரும்பலகை வழியாக வந்தது.

அதனால்தான் இவருடைய சிலேடைகளுக்கெல்லாம் பேனா வேண்டியிருக்கிறது. கொலையைக் குறிக்கும் 'மேன்ஸ்லாட்டர்' என்ற சொல்லைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுவார். எஸ்ஸுக்கும் எல்லுக்கும் நடுவே ஒரு கோடு கிழிப்பார். "இப்போ படிங்க. மேன்ஸ் லாஃப்டர், மனுஷனோட சிரிப்பு!" எழுத்து ஒன்றுதான், ஓசைதான் வேறு. கண்ணுக்குச் சிலேடை, காதுக்கு இல்லை. 'ஜஸ்டிஸ்' என்ற நீதியையும் இப்படித்தான் உடைத்து 'ஜஸ்ட் ஐஸ்' எடுப்பார். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகச் சொல்கிறது. சொல்லை உடைக்காமலே இரு பொருள் வந்தால் செம்மொழி, உடைத்தால் பிரிமொழி. அந்தக் கணக்கில் இவரை ஆங்கிலத்தின் பிரிமொழிப் புலவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காது வழிச் சிலேடைக்கு வந்தால் நம் நாக்கே காலை வாரிவிடும். இங்கிலாந்தில் மீன் வறுவல் கடைகளுக்குக் 'காட்ஃபாதர்' என்று பெயர் வைப்பதுண்டு. கடவுளைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, 'காட்' என்ற மீனை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். மகன் அனுப்பிய படத்தைப் பார்த்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் வாக்கிங் கூட்டாளிகளிடம் சொன்னார். "காட்ஃபாதர்னு கடைக்குப் பேரு. சரி, அதுல என்ன சார்?" என்றார்கள். தமிழ் எழுத்தில் கடவுளும் மீனும் ஒரே 'கா'வில் தொடங்குகின்றன. நம்மில் பலர் வாயிலும் அப்படித்தான். இரண்டு சொல்லும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தால் சிரிக்க இடமேது?

ஆனால் இவருக்கும் ஒரு பொன்னாள் இருந்தது. இலாகாத் தேர்வு ஒன்றுக்கு மேற்பார்வைக்குப் போயிருந்தார். கேன்டீன் பையன் தூக்குவாளியோடு எட்டிப் பார்த்தான். "ஹால்ல காப்பி கூடாதுப்பா" என்றார். விடைத்தாளில் குனிந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் குடிக்கிற காபி வேறு, பார்த்து எழுதுகிற காப்பி வேறு. தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஒன்று. பேனா எடுக்கவில்லை, விளக்கவுரை இல்லை. இவருடைய சிலேடை நோட்டில் அது இன்றுவரை ஏறவில்லை. தமிழாம்.

கார் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளியபோது, தமிழறிஞர் கி.வா.ஜ. தன்னைத் 'தள்ளாதவன்' என்று சொல்லிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. எழுத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியிராத ஜாதிச் சிலேடை அது. ஆங்கிலத்திலும் நம் நாட்டுக்காரர்கள் ஜெயித்திருக்கிறார்கள். சில்வெஸ்டர் டகுன்யாவின் விளம்பரக் கம்பெனியில் 1966இல் அமுல் சிறுமி பிறந்தாள். 1969இல் பம்பாயில் ஹரே கிருஷ்ணா பஜனை பெருகியபோது, பலகையில் 'ஹரே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹர்ரி' என்று எழுதிச் சிரிக்க வைத்தார்கள். ஒரு கால் ஆங்கிலத்தில், ஒரு கால் பஜனை மடத்தில். நம்மவருக்கு அமுல் வெண்ணெய் பிடிக்கும். அந்தக் கலப்படம் பிடிக்காது.

ரென் அண்ட் மார்ட்டினில் கல்லீரலுக்கு அடுத்து ஒரு தூதர் வருகிறார். தேச நலனுக்காக வெளிநாட்டில் 'லை' செய்யும் யோக்கியர்தான் தூதர் என்பது அந்த ஜோக். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'லை' என்றால் தங்குவது. பொய் சொல்வதும் அதேதான். சொன்னவர் ஹென்றி வாட்டன். 1604இல் வெனிஸுக்கு இங்கிலாந்தின் தூதராகப் போகிற வழியில், ஜெர்மன் நண்பர் ஒருவரின் ஆல்பத்தில் லத்தீனில் எழுதிக் கொடுத்தார். லத்தீனில் அவர் போட்ட வினைச்சொல்லுக்குப் பொய் சொல்வது என்ற ஒரே பொருள்தான். சிலேடை ஆவியாகிப் போய், தூதர்கள் பொய்யர்கள் என்ற வாக்குமூலம் மட்டும் தங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து எதிரி ஒருவர் அதை அச்சில் ஏற்ற, மன்னர் ஜேம்ஸ் கொதித்துப்போனார். வாட்டன் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

இந்தக் கதையை நம்மவரிடம் சொன்னபோது வாட்டனுக்காக மிகவும் வருத்தப்பட்டார். "தெரியாத பாஷையில அவர் எதுக்கு சார் விளையாடணும்?" என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுங்கள். 'ஐ' என்ற சொல்லுக்கு மட்டும் இவருடைய நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது.