லண்டனுக்கு யார் காசு?

கல்லூரி மாணவி, திருமயம்:
வெளிநாட்டுப் படிப்பு, உதவித்தொகை எல்லாம் சென்னைக்காரர்களுக்குத்தானே? நம்ம ஊர்ப் பெண் யாராவது போயிருக்கிறார்களா?

நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் போய்விட்டார். முத்துலெட்சுமி ரெட்டி. பையன்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஊரே எதிர்த்தது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1912-இல் டாக்டரானவர் 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். கல்லூரியில் சேர அவர் ராஜாவிடம் போக வேண்டியிருந்தது. நீங்கள் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போனால் போதும். ராஜா சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்!

பி.எஸ்சி. மாணவர், கந்தர்வகோட்டை:
அப்பா விவசாயக் கூலி. நாங்கள் ஆதிதிராவிடர். வெளிநாட்டில் முதுநிலை படிக்க அரசு உதவுமா?

இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டையும் தட்டுங்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆதிதிராவிடர் நலத்துறையில் கேளுங்கள். இன்னொன்று மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. இந்தியா முழுவதற்கும் 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பெண் 60 சதவீதம் வேண்டும், வயது 35-க்குள் இருக்க வேண்டும், சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வர வேண்டும்.

மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு முட்கள். 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 'நிதி இருந்தால் பார்க்கலாம்' என்றார்கள். அதனால் கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். அடுத்தது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா போன அம்பேத்கர், 1916-இல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்றைக்கு அவர் விண்ணப்பித்தால், நம்முடைய சமூகநீதி அமைச்சகம் 'தலைப்பை மாற்றி வா' என்று திருப்பி அனுப்பும். நீங்கள் பி.எஸ்சி. என்பதால் தப்பித்தீர்கள்.

ஒரு தந்தை, இலுப்பூர்:
"உங்கள் பையனுக்கு 40 சதவீத ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, இன்றைக்கே 50 ஆயிரம் கட்டுங்கள்" என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

ஆடித் தள்ளுபடியை ஸ்காலர்ஷிப் என்று யார் சொன்னார்கள்? சட்டையின் விலையை ஏற்றி ஒட்டிவிட்டு 40 சதவீதம் குறைப்பதுதான் இதுவும். அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரத்தை அதன் இணையதளத்திலேயே பார்த்து, மிச்சம் 60 சதவீதம் ரூபாயில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஆளைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குப் பல இடங்களில் கமிஷனும் உண்டு. உண்மையான உதவித்தொகை உங்களிடமிருந்து பணம் கேட்காது. 'இன்றைக்கே' என்றும் கேட்காது.

டிப்ளமோ முடித்து பி.இ. படிப்பவர், விராலிமலை:
ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?

கட்டணம்தான் இலவசம், சாப்பாடு இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. எந்த மாநிலமானாலும், விசாவுக்கு முன் ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். அது உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். இதைத் திரட்ட இப்போதிருந்தே ஆரம்பியுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கடைசி நேரத்தில் தேடினால் ஒரு பருவமே போய்விடும்.

ஒரு விவசாயி, கீரமங்கலம்:
நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மகளுக்குப் படிப்புக் கடன் தர வங்கியில் யோசிக்கிறார்களே?

உங்கள் நிலத்தைக் காப்பாற்றும் சட்டம்தான் உங்களுக்குக் கடன் கிடைக்காமலும் செய்கிறது! சர்ஃபேசி சட்டம், 2002. கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அது அதிகாரம் தருகிறது, விவசாய நிலத்துக்கு மட்டும் விலக்கு. எளிதில் விற்க முடியாத அடமானம் மேலாளருக்கு எதற்கு? ஏழரை லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் என்றால் வீடு, மனை, வைப்புத்தொகை என்று கேட்பார்கள். தோப்பை விற்க மட்டும் அவசரப்படாதீர்கள். கஜா புயலுக்குப் பிறகு தென்னை வைத்தவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசகர், அறந்தாங்கி:
சிபாரிசுக் கடிதம் கேட்கிறார்கள். எம்.எல்.ஏ.விடம் வாங்கலாமா?

உங்கள் ப்ராஜெக்டை எம்.எல்.ஏ. படித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஓர் இளைஞர், லேணாவிலக்கு இலங்கைத் தமிழர் முகாம்:
நான் பிறந்தது இந்த மாவட்டத்தில். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகைக்கு நான் எந்த நாட்டுக்காரன்?

இதற்குக் கிண்டலாகப் பதில் சொல்ல வரவில்லை, தம்பி. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. ஆகவே இந்தியருக்கான உதவித்தொகை இல்லை. இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசே உதவித்தொகை தருகிறது, ஆனால் அது கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாக, அங்கே இருப்பவர்களுக்கு. இரண்டு பட்டியலும் உங்களைத் தாண்டிப் போகின்றன. 2021-இல் முகாம் மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகையைத் தமிழக அரசு உயர்த்தியது. அதை விடாமல் வாங்கிவிடுங்கள். அந்த முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியதும் அதே வருடம்தான். பெயர் மாறிய வேகத்தில் சட்டமும் மாறியிருக்கலாம்.

ஒரு தாய், பொன்னமராவதி:
மகளை அனுப்பச் சம்மதம். ஆனால் திரும்பி வர வேண்டுமே?

செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் அரசின் முழுச் செலவில் ஒரு வருட முதுநிலைப் படிப்பு. முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 வருடம் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பட்டம் வாங்கிய கையோடு போக முடியாது, 2,800 மணி நேரம், அவர்கள் கணக்கில் 2 வருடம், வேலை பார்த்த அனுபவம் கேட்பார்கள். ஆக, போவதற்கு முன் 2 வருடம், வந்த பின் 2 வருடம் உங்களோடுதான். அதற்கப்புறம் நடப்பதற்கு நானும் பொறுப்பில்லை, பிரிட்டிஷ் அரசும் பொறுப்பில்லை.